பூனைக்கல் தாமரை

பூனைக்கல் மலைக்கு இருநூற்றுப் பதினாலு படி. அதிலும் நூற்றுப் பத்து வரைக்கும்தான் படி என்று சொல்லலாம். அதற்கு மேலே பாறையில் கால் பதிகிற அளவுக்குக் கொத்திவிட்ட குழிகளும், பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பியும்தான். முப்பத்தொரு வருசமாக அந்த மலைக்கு வாட்ச்மேனாக இருக்கிற பெரியகருப்பன் அந்தப் படிகளில் கால் வைத்து ரெண்டு வருசத்துக்கு மேலாகிறது. அவருக்கும் அவர் மனைவி அமராவதிக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

பூனைக்கல்லைப் பார்க்க என்றே கிளம்பி வருகிறவர்கள் கிடையாது. சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திருமயம் கோட்டைக்குப் போகிறவர்கள், ரோட்டோரத்துப் போர்டைப் பார்த்து, சரி, இதையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம் என்று வண்டியைத் திருப்புவார்கள். பிள்ளைகள் அழுது ஓய்ந்து, தண்ணீர் பாட்டில் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வந்திருக்கும். மேலே இருப்பது ஒரு சின்னக் குகை. உள்ளே சமண முனிவர்கள் படுத்த ஐந்து கல் படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியவை. மேற்கூரைப் பாறையில் ஒரு தாமரை. செங்காவியும் பச்சையுமாகத் தீட்டிய ஒன்பது இதழ், ஒரு முறத்தின் அகலம் இருக்கும். நின்று பார்த்தால் கண்ணுக்குச் சிக்காது. மூன்றாவது படுக்கையில் உட்கார்ந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் இதழ் இதழாக எழுந்து வரும். காலில் தெம்பு இருந்தவரைக்கும் பெரியகருப்பன் வந்தவர்களை ஒவ்வொருவராக அதில் உட்கார வைத்துக் காட்டுவார். அவர்கள் ஆவென்று பார்க்கும்போது, தானே தீட்டியது மாதிரி அவருக்கு மனசு குளிர்ந்து போகும்.

முழங்கால் ரெண்டும் போனபிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாவிக்குச் சாவி. வருகிறவர்களுடைய கார் சாவியையோ பைக் சாவியையோ வாங்கி வைத்துக்கொண்டு குகைச் சாவியைக் கொடுத்துவிடுவார். வாட்ச்மேன்தான் கூடப்போய்த் திறக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதைக் கேட்க அந்தப் பொட்டல்காட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் இறங்கி வந்ததும் மூன்று கேள்வி கேட்பார். பூட்டினீர்களா, வவ்வால் கிடந்ததா, தாமரையைப் பார்த்தீர்களா. பார்த்தோம் பார்த்தோம், சூப்பர் என்பார்கள். அவரும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்: குகை பார்வையிடப்பட்டது. நலம்.

ரெண்டு வருசம் முழுக்க நலம்தான்.

இந்த மாதக் கடைசியோடு அவருக்கு ஓய்வு. புதனன்று வேறொரு மலையிலிருந்து மாற்றலாகி வருகிற செந்தமிழனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஆபீசிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. கம்பிக் கதவு ஒன்று, பூட்டு ஒன்று, போர்டு ரெண்டு, கல் படுக்கை ஐந்து, விதானத் தாமரை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நிலை’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் ஓய்வூதியத் தாள்கள் நகரும். எல்லாக் கட்டத்திலும் நலம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம் என்றுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு புருசனும் பெண்டாட்டியும் காரில் வந்தார்கள். ஆவூர்ப் பக்கத்துக்காரர்கள். புருசன் ஜெரால்டு, துபாயிலிருந்து லீவில் வந்தவர். பெண்டாட்டி ஏஞ்சல், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்கள். பெரியகருப்பன் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

“பாத்தோங்கய்யா. சூப்பரா இருந்துச்சு” என்று ஜெரால்டு கார் சாவிக்குக் கையை நீட்டினார்.

“எங்க பாத்தீங்க?” என்றாள் ஏஞ்சல்.

“மேலதான்.”

“மேல எங்க?” என்று கேட்டுவிட்டு அவள் பெரியகருப்பன் பக்கம் திரும்பினாள். “இவங்க எதைக் கேட்டாலும் பாத்தேன்னுதான் சொல்வாங்கய்யா. கல்யாணத்துக்கு முன்னாடி, பொண்ணப் பாத்தீங்களான்னு எங்க மாமியார் கேட்டப்பவும் பாத்தேன், புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல.”

ஜெரால்டு சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். பெரியகருப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது படுக்கையில் உட்கார்ந்து பார்த்தீர்களா என்று கேட்டார். ஐந்திலும் உட்கார்ந்து பார்த்ததாகவும், அதற்காகவே போனில் சார்ஜ் மிச்சம் வைத்திருந்ததாகவும் அவள் சொன்னாள்.

“தாமரை எதுவும் இல்லங்கய்யா. கூரை கருப்பா இருக்கு. அவ்வளவுதான்.”

எடுத்த போட்டோவையெல்லாம் காட்டச் சொன்னார். இருபத்தேழு போட்டோ. எல்லாவற்றிலும் ஜெரால்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றில் மட்டும் அவர் தலைக்கு மேலே கூரையின் ஓரம் விழுந்திருந்தது. அடுப்பங்கரைச் சுவர் மாதிரி ஒரு கருப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் அமராவதியிடம் சொன்னார். அவள் தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு ஒன்றரை மைல் நடந்து மலையடிவாரம் வருகிறவள். முப்பத்தொரு வருசத்தில் ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்ட ஓடவேண்டும், அவளுக்கு எங்கே நேரம்.

“கருப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது. நலம்னு எழுதிட்டு வாங்க. ரெண்டு வருசமா அதத்தான எழுதினீக” என்றாள்.

“அது நல்லா இருக்குன்னு நெனச்சு எழுதினது.”

“இப்பயும் நெனச்சுக்கங்க.”

அவர், நாளைக்குக் காலையில் ஏறப்போகிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் அவர் முழங்காலைப் பார்த்தாள், பிறகு அவர் மூஞ்சியைப் பார்த்தாள். நானும் வாரேன், நடுவில் உட்கார்ந்துவிட்டால் யார் தூக்குவது என்றாள்.

திங்கட்கிழமை வெயில் வருமுன்னே ஏற ஆரம்பித்தார்கள். முதல் முப்பது படி வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள். அதற்கப்புறம் பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார வேண்டியிருந்தது. வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து, ஒரு மூச்சு வாங்கி, மறுபடியும் வலது கால். முழங்காலுக்குள்ளே மணல் அரைபடுவது மாதிரி இருந்தது. குழிப்படி வந்ததும் அவர் கம்பியைப் பிடித்துத் தொங்க, அமராவதி பின்னாலிருந்து இடுப்பில் கைகொடுத்துத் தள்ளினாள். கல்யாணத்தன்றுகூட நான் உங்களை இப்படிப் பிடித்ததில்லை என்று முணுமுணுத்தாள். இந்த மலையில் படுத்த முனிவர்களெல்லாம் தவம் செய்யப் படுக்கவில்லை, ஏறி வந்த அசதியில்தான் படுத்திருப்பார்கள் என்றும் சொன்னாள். சிரிக்க அவருக்கு மூச்சு இல்லை.

கதவைத் திறந்து உள்ளே போனதும் மூக்குக்கு முதலில் தெரிந்தது எண்ணெய் வாடை. பெரியகருப்பன் மூன்றாவது படுக்கையில் உட்கார்ந்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். கை அந்தச் சாய்மானத்தை மறந்திருக்கவில்லை. கூரையில் வட்டமாக, தாமரை இருந்த இடத்தில் கச்சிதமாக, கரி ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இந்தப் பக்கம் நகர்ந்து அடித்தார். எழுந்து நின்று அடித்தார். கரி பளபளத்தது, அவ்வளவுதான்.

கீழே குனிந்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. நாலாவது படுக்கையின் தலைமாட்டில் குங்குமமும் சந்தனமும் அப்பி, பக்கத்தில் எண்ணெய் வழிந்த அகல்கள். மூலையில் அடுப்பாகக் கூட்டிய மூன்று கல். சாம்பல்.

அமராவதி அந்த அடுப்புக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இது பௌர்ணமிக்காரங்க வேல” என்றாள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலையில் அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு வேன் வரும். மேலே இருப்பது சித்தர் சமாதி என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சாமி கும்பிட வருகிறவர்களிடம் என்ன கேள்வி கேட்பது என்று பெரியகருப்பன் வேன் சாவியைக்கூட வாங்கமாட்டார். இறங்கும்போது அவர்கள் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து செய்துகொண்டு வருகிறார்கள் என்று அவராக நினைத்துக்கொண்டார். இவ்வளவு சூடாக எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இருபது இருபத்தைந்து பௌர்ணமி இருக்கும். நெய் வாசமாக இருக்கிறது என்று அமராவதிக்கும் பங்கு கொண்டுபோவார்.

“நானும்தான தின்னேன்” என்றாள் அவள், அவர் எதுவும் சொல்லாமலே.

அவர் மறுபடியும் மூன்றாவது படுக்கையில் உட்கார்ந்தார். உட்கார முடியாமல் படுத்தார். கல் குளிர்ச்சியாக இருந்தது. கல் தலையணை பிடரிக்குச் சரியாகப் பொருந்தியது. முப்பத்தொரு வருசத்தில் அவர் அதில் படுத்ததில்லை. அப்படியே தூங்கிவிடலாம் போல, தூங்கினால் எழுந்திருக்கவே வேண்டாம் போல ஓர் அசதி.

“அந்தா, அங்கதான் இருந்துச்சு” என்று டார்ச்சை அடித்தார். “நடுவுல ஒரு பொட்டு, மஞ்சளா. அதச் சுத்தி இதழ். ஒரு இதழு மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கும். எழுதினவனுக்குக் கை நடுங்கியிருக்கும்னு சொல்லுவேன். தெரியுதா?”

அமராவதி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் காட்டிய இடத்தையே ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்திருக்கும்.

“தெரியல” என்றாள்.

“கொஞ்சம் கூர்ந்து பாரு.”

“பாத்துட்டேன். எனக்குத் தெரியல. ஒங்களுக்காகத் தெரியுதுன்னு சொல்லச் சொல்றீகளா? எத்தன பேரு அப்படிச் சொல்லித்தான் இது இப்படி ஆயிருக்கு.”

அவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

புதன்கிழமை பதினோரு மணி வாக்கில் செந்தமிழன் வந்தார். அவருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், சர்க்கரை வியாதிக்காரர். கொட்டகை நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, படிகளை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வை பெரியகருப்பனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. வந்தவர், பட்டியலைக் கொடுங்கண்ணே, எல்லாம் நலம்தானே, சட்டுப்புட்டென்று முடித்துவிட்டால் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றார். மேலே ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியகருப்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். இவர் ஏறப்போவதில்லை. நாளைக்கும் ஏறப்போவதில்லை. சாவிக்குச் சாவி என்கிற வழியை இவரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாமல் இன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. திங்கட்கிழமை இறங்கியதிலிருந்து வீக்கம் வடியவில்லை. கொட்டகைக்கு வெளியே, சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த அமராவதி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கதவு, நலம். பூட்டு, நலம். போர்டு, நலம். படுக்கை ஐந்தில் ஒன்றில் எண்ணெயும் குங்குமமும் படிந்துள்ளது. கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, சின்ன எழுத்தில் எழுதினார்: புகை படிந்து தாமரை மறைந்துவிட்டது. ரெண்டு வருசமாக நான் மேலே போகவில்லை. சாவியை வெளியாட்களிடம் கொடுத்தேன்.

செந்தமிழன் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“என்னண்ணே இது? இதோட நான் எப்படி வாங்கிக்கிறது? நீங்க நலம்னு எழுதுங்க, நானும் நலம்னு வாங்கிக்கிறேன். யாரு வந்து பாக்கப்போறா?”

“யாரும் பாக்க மாட்டாங்க. அதனாலதான்.”

“பென்சன நிறுத்தி வச்சிருவாங்கண்ணே. விசாரணைம்பாங்க. இன்னைக்கு வா, நாளைக்கு வாம்பாங்க. எனக்கும் சேத்துத்தான் தலவலி.”

“கரிக்குக் கீழ அது இருந்தாலும் இருக்கும் தம்பி. தொடச்சு எடுக்கத் தெரிஞ்சவங்க எங்கயாவது இருப்பாங்க. நலம்னு எழுதிட்டா அவங்க வரவே மாட்டாங்க.”

செந்தமிழன் தாளை மடித்தார், பிரித்தார். பிறகு, ரொம்பச் சலிப்போடு, ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும்வரை தாமரையைத் தவிர மற்றதை மட்டும் பெற்றுக்கொள்வதாக ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டார். ஒரு மணி பஸ் போய்விட்டது. அடுத்தது மூன்றரைக்குத்தான். அமராவதி தூக்கைத் திறந்து அவருக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

செந்தமிழன் போனபிறகுதான் அமராவதி கேட்டாள். “முடிஞ்சுதா?”

“முடியல. விசாரணைக்கு வருவாங்க. எந்த எடம்னு நான் மேல போயிக் காட்டணும்.”

“ஒரு தடவையா?”

“ஒரு தடவையோட விடுவாங்களா? பெரிய ஆளு ஒரு தடவ, தொடைக்கிறவங்க ஒரு தடவ. எத்தனையோ.”

அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கத் தோளைக் கொடுத்தாள். இருவரும் ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். அவர் ஒரு அடி வைத்து நிற்க, அவளும் நிற்க, அப்படியே பாதி தூரம் போனபிறகு அவள் சொன்னாள்.

“நீங்க கீழயே இருங்க. நான் ஏறிக் காட்டிட்டு வாரேன். மூணாவது படுக்க, டார்ச்சச் சாச்சுப் புடிக்கணும். எனக்கு எடம் தெரியும்.”