திரையில் விரல் வைத்த இடம்

பேச்சிராஜாவுக்கு முப்பத்தொன்பதாவது வயதில் பார்வையின் நடுப்பகுதி போயிற்று. ஓரம் போகவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. தாராவியிலிருந்து நடந்து வந்து சயானில் ரயிலேறி, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறி, செம்பூரில் இறங்கி ஆபீசுக்குப் போவதில் அவனுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் எதை நேராகப் பார்த்தானோ அது மறைந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுதான் இருந்தது. பார்வையைச் சற்று விலக்கிப் பிடித்தால் மட்டும் மங்கலாக ஏதோ கிடைக்கும்.

மாட்டுங்காவில் பார்த்த கண் டாக்டர் தமிழர்தான். "பரம்பரையா வர்றது. இதுக்கு மருந்து கிடையாது. முழுசா இருட்டாகாது, பயப்படாதீங்கோ. ஆனா படிக்கிற வேலை இனிமே ரொம்பக் கஷ்டம்" என்றார். அந்த ரிப்போர்ட்டை பேச்சிராஜா ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான். மனைவி மாரீஸ்வரியிடம்கூடச் சொல்லவில்லை.

அவனுடைய வேலையே படம் வரைவதுதான், எண்களைக் கொண்டு. டயாலிசிஸ் மையங்களுக்காக அவர்களுடைய கம்பெனி தகவல் பலகைகளைத் தயாரித்தது. எந்த மையத்தில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், எந்த மெஷின் சும்மா கிடந்தது என்பதையெல்லாம் கோடும் கட்டமும் புள்ளியுமாகத் திரையில் காட்டவேண்டும். பதினோரு வருடமாக அதைச் செய்துவந்தான்.

முதலில் எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளித்தான். அது போதாமல் ஆனபோது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதுக்குள் ஓடவிட்டான். அவன் பாட்டுக் கேட்கிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்தக் குரலால் படத்தை வாசிக்க முடியாது. கோட்டின் மேல் போய் நின்றால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

கம்ப்யூட்டரில் கட்டளைகளைத் தட்டும் கறுப்பு ஜன்னல் அப்படியல்ல. அங்கே எல்லாமே எழுத்துதான். படம் வரையும் தளத்தை அந்த ஜன்னலிலிருந்தே இயக்கலாம் என்று அவன் கண்டுபிடித்தான். பலகைகளைப் பட்டியலிடலாம், எண்களை இறக்கலாம், மாற்றி வெளியிடலாம். ஆனால் கட்டளைகள் நீளமானவை. ஓர் எழுத்துப் பிசகினாலும் ஓடாது. அதற்குத்தான் சொன்னதைச் செய்யும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை அதோடு இணைக்க நினைத்தான். தனக்கு வேண்டியதை வார்த்தையில் சொல்லிவிடலாம். கட்டளையை அது தட்டும், பதிலை அது படிக்கும், தவறினால் திருத்திக்கொள்ளும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தான். கீழே பட்டறைகளில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தளம் ஏஜென்ட்டை உள்ளே விடவே இல்லை. "அனுமதி இல்லை" என்று காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. தளத்துக்குள் நுழையக் கடவுச்சொல்போல இருக்கும் ரகசியச் சாவியை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கவைத்துச் சரிபார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாவது ஞாயிறு ஏஜென்ட்டே கண்டுபிடித்துச் சொன்னது: சாவியின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதுக்கு இடைவெளி கேட்காது. அதை அழித்ததும் நாற்பத்துமூன்று பலகைகளின் பெயர்களும் வரிசையாக வந்து விழுந்தன. அவன் கேட்டு முடிக்கும்வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான்.

மாரீஸ்வரி சாயாவோடு ஏணியில் ஏறி வந்தாள். "என்ன, கண்ணெல்லாம் கலங்கி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வேல முடிஞ்சிட்டு."

அவளைப் பார்ப்பதற்காக அவன் முகத்தை அவள் தோளுக்கு அப்பால் திருப்பியிருந்தான். அப்படித் திருப்பினால்தான் அவள் கொஞ்சமாவது தெரிவாள்.

"செவத்தப் பாத்துப் பேசாதிய" என்றாள் அவள். "நானும் எத்தன நாள்தான் சொல்ல. என் மூஞ்சியப் பாத்துப் பேசி எவ்வளவு காலமாச்சு?"

அவன் சாயாவைக் குடித்தான். அவள் கீழே இறங்கிப் போனாள்.

அதன்பின் நான்கு மாதம் நன்றாகப் போயிற்று. அவன் கேட்டதை ஏஜென்ட் செய்தது, செய்ததை வார்த்தையில் விளக்கியது, அவன் சரியென்ற பிறகே வெளியிட்டது. எண்களில் ஒரு பிழையும் வரவில்லை. "உங்க வேலை இப்போ ரெண்டு மடங்கு வேகம்" என்று மேலாளர் ஸ்மிதா இந்தியில் பாராட்டினார். அவனுக்கு அது இனிக்கவில்லை. தன் பெயரில் வெளியே போகும் படங்களில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

மழை தொடங்கிய வாரம், டயாலிசிஸ் மையங்களின் தலைமை டாக்டர் ஆபீசுக்கு வந்தார். பேச்சிராஜா தயாரித்த பலகை பெரிய திரையில் இருந்தது. எல்லா மையங்களின் எண்களும் அவனுக்கு மனப்பாடம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். திடீரென்று டாக்டர் எழுந்துபோய்த் திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

விரல் எங்கே இருக்கிறதென்று பேச்சிராஜாவுக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை அசைந்தது மட்டும் தெரிந்தது. அன்றைய பேச்செல்லாம் கோவண்டி மையத்தைப் பற்றியே இருந்ததால் ஊகித்துச் சொன்னான். "அது கோவண்டி, சார். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம்."

டாக்டர் விரலை எடுக்கவில்லை.

"நான் மையத்தைக் கேட்கவில்லை" என்றார் டாக்டர். "இந்தப் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவே, என்ன இது? எதையும் படிக்க முடியவில்லை. உங்களுக்குத் தெரியவில்லையா?"

ஏஜென்ட்டும் படத்தைப் பார்த்ததில்லை. அது எண்களைத்தான் படித்தது, அவை சரியாக இருந்தன. பக்கத்தில் இருந்த அஸ்ரின் சட்டென்று எழுந்தாள். "இந்தத் திரைக்கு அளவு மாறிவிட்டது, சார். இன்றே சரிசெய்கிறோம்" என்றாள்.

சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து வரும் அஸ்ரின் ஆறு வருடமாக அவனோடு வேலை செய்கிறவள். கூட்டம் முடிந்ததும் அவனை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"ணே, அவர் கைய வச்ச எடம் ஒங்களுக்குத் தெரியலயா?"

அவன் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அதை முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"ஸ்மிதா மேடம்ட்ட சொல்லிருங்க ணே. நல்ல மனுஷி. வேற யாராச்சும் கண்டுபிடிச்சா நல்லாருக்காது."

மறுநாள் சொன்னான். ஸ்மிதா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார், பேசவும் செய்தார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நோயாளிகள் சம்பந்தப்பட்ட விஷயம். வெளியிடும் படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவேண்டும்.

"அஸ்ரின் கடைசியாக ஒருமுறை பார்த்தால் போதுமே மேடம்" என்றான். "மற்றது எல்லாம் நான் செய்கிறேன். நீங்களே பார்த்தீர்களே."

"அதையும் சொன்னேன், பேச்சி" என்றார் ஸ்மிதா. "பார்ப்பது அஸ்ரின், செய்வது அந்த ஏஜென்ட், நடுவில் இவர் எதற்கு என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

வேலையை விட்டுப் போக மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் தான் கட்டிய இணைப்பை அவன் அஸ்ரினுக்குச் சொல்லிக்கொடுத்தான். கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். ஒருநாள் பேனாவை வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒங்க வேல வேணாம்னு சொல்லிரவா ணே?"

"சொன்னா வேற ஆளுகிட்ட போவும். நீயே வச்சுக்க. எழுது."

கடைசி நாள் மாலை அவன் பெயரிலிருந்த சாவியை ரத்துசெய்யவேண்டியிருந்தது. அந்தக் கட்டளையை ஏஜென்ட்டிடம் சொல்லாமல் அவனே தட்டினான். உறுதிதானா என்று காதுக்குள் குரல் கேட்டது. ஆம் என்று அழுத்தினான். ரிப்போர்ட்டை டிராயரிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான். கண்ணையும் சொன்னான், வேலையையும் சொன்னான்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் ஆவுது."

நறுக்கும் சத்தம் நின்றது. "ஒங்களுக்கு வேற யாரோ இருக்கான்னு நெனச்சேன்" என்றாள். "எங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன். தெனமும் கண்ணாடி முன்னால போய் நின்னு, எனக்கு என்ன கொறன்னு பாத்துட்டுக் கெடந்தேன்."

"வேல போயிரும்னு பயந்துட்டேன், மாரி."

"எங்கிட்ட சொன்னா வேல எப்பிடிப் போவும்?"

அவள் குனிந்திருந்தாள். அழுகிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அழுவுதியா?" என்று கேட்டான்.

மறுபடி காய் நறுக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதத்தில் நான்கு கம்பெனிகளுக்குப் போனான். கண்ணைப் பற்றி முதலிலேயே சொன்ன இரண்டு இடங்களில் மரியாதையாகப் பேசி அனுப்பினார்கள். சொல்லாத இரண்டு இடங்களில் திரையைக் காட்டி இது என்னவென்று கேட்டார்கள்; அங்கேயும் முடிந்துபோயிற்று.

பிறகு ஒரு வியாழக்கிழமை, ஊனச் சான்றிதழுக்காக இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசை வராந்தாவைத் தாண்டிப் படிக்கட்டுவரை நின்றது. கவுண்டரில் கொடுத்த படிவத்தை மாரீஸ்வரி எழுத்துக்கூட்டிப் படித்து நிரப்பினாள். பெயர், வயது, முகவரி எழுதினாள்.

"வேலைன்னு போட்டிருக்கு. என்ன எழுத?"

அவன் யோசித்தான். "முன்னால பாத்தத எழுதலாமான்னு கேளு."

அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இப்போது செய்வதைத்தான் எழுதவேண்டும் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்களாம். அந்த இடத்தை அவள் அப்படியே விட்டுவிட்டாள். பரிசோதனைக்கு நான்கு மாதம் கழித்து ஒரு தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

வெளியே ரோட்டைக் கடக்கும்போது அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"வண்டியெல்லாம் தெரியுது" என்றான். "இதுக்குப் பிடிக்க வேண்டாம்."

அவள் கையை எடுத்துவிட்டாள். இருவரும் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள்.