ஆறு சுத்து, எண்பத்திநாலு ஜெபம்

எங்க பங்குல, அதாவது எங்க சர்ச் ஜனங்க நடுவுல, எங்களுக்கு ஒரு பேரு உண்டு: மலைக் குடும்பம். கேலிதான், தெரியும். சாந்தோம்ல, கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற ஒருத்தன், ஞாயித்துக்கிழமை பூசைக்கு மலையேறுற ஷூ போட்டுட்டு வந்தா வேற எப்படிக் கூப்பிடுவாங்க? ஷூவைக் காலுக்குப் பழக்கணும்னு கடைக்காரன் சொல்லியிருந்தான். அதை நற்கருணை வாங்குற வரிசையில நின்னுதான் பழக்கணுமான்னு டோரதி கேட்டா. அவ என் மனைவி. பள்ளிக்கூடத்துல நாள் பூரா முப்பத்தஞ்சு பிள்ளைங்களைக் கேள்வி கேட்டுட்டு வர்றவ, வீட்டுக்கு வந்தும் அதை நிறுத்த மாட்டா.

நான் இக்னேஷியஸ். வயசு நாப்பத்தொம்பது. பன்னெண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஈர்ப்பு விசையை இருபத்திரெண்டு வருஷமா போர்டுல எழுதி எழுதி அழிச்சவன். அது ஒரு நாள் என் தொப்பையைப் பிடிச்சு இழுக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

எங்க சாகசங்களை நான் ஸ்டாஃப் ரூம்ல சொல்றது ஒரு மாதிரி, நடந்தது வேற மாதிரி. ஏலகிரில குடும்பமா மலையேறினோம்னு சொல்வேன். பஸ் ஏறின பதினாலு வளைவையும் அதுல சேர்த்துக்குவேன். அதுக்கு மேல காட்டுப் பாதையில உச்சி வரைக்கும் நடந்து போனது எங்க மக ஜொவிட்டா மட்டும்தான். டோரதிக்குச் சின்ன வயசுலேருந்து வீசிங், அதனால அவ அடிவாரத்துல உக்காந்து ஃபிளாஸ்க்ல காபி குடிச்சா. நான் பாதி வழியில ஒரு பாறையில உக்காந்து பைகளுக்குக் காவல் இருந்தேன். பைகளை யாரும் கேக்கல.

ஜொவிட்டாவுக்குப் பதினாறு வயசு, ப்ளஸ் ஒன். ஒன்பதாவது படிக்கும்போதே பீரோ கதவுல ஒரு இமயமலைப் படத்தை ஒட்டி வச்சவ. பனி மூடின உச்சி, பன்னெண்டாயிரத்து ஐந்நூறு அடி. பாட்டு, டான்ஸ், புது ஃபோன் எதையும் கேக்காத பொண்ணு இந்த ஒண்ணை மட்டும் ரெண்டு வருஷமா கேட்டா. கோபாலபுரத்துல ஒரு மலையேற்றச் சங்கம் மே மாசம் கூட்டிட்டுப் போறாங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைன்னா அம்மாவோ அப்பாவோ கூட வரணும், அவங்களும் உடல் தகுதி டெஸ்ட்ல பாஸாகணும். டோரதிக்கு டாக்டர் அவ்வளவு உயரம் கூடவே கூடாதுன்னுட்டார். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, அசைய முடியாது. அதுக்கப்புறம் அவளுக்குப் பதினெட்டு ஆயிடும், தனியாவே போகலாம். ஆக, என் மகளுக்கு மலை விஷயத்துல அப்பன் தேவைப்படுற வருஷம் இது ஒண்ணுதான். அதை நினைச்சாலே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடும்.

பயிற்சியை நான் பெரிய அளவுல ஆரம்பிச்சேன். மொட்டை மாடியில டென்ட் போட்டேன். வெயில்ல அது இட்லிப் பானை ஆயிடுச்சு, பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டேன். குளிருக்குப் பழகணும்னு தி.நகர்ல ஒரு பெரிய கடையில ஐஸ்கிரீம் பெட்டி முன்னாடி நின்னேன். என்ன வேணும் சார்னு மூணு தடவை கேட்டாங்க. நாலாவது தடவை செக்யூரிட்டி வந்து கேட்டார். கடைசியா லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்குப் போய், எங்களுக்கு வழக்கமா மீன் குடுக்கிற முத்தம்மாவோட ஐஸ் பெட்டியில ரெண்டு கையையும் விட்டுட்டு வாட்சைப் பாத்துட்டு நின்னேன்.

"இன்னா சாரே, மீனு வாங்க வந்தியா, குளிர் காய வந்தியா?" முத்தம்மா கேட்டா. "கைய எடு. ஒன் சூட்டுக்கு ஐஸு கரைஞ்சிக்கினு கீது பாரு."

அன்னிக்குச் சாயந்தரம் அதே முத்தம்மா, டோரதி சொல்லி வச்ச வஞ்சரத்தைக் குடுக்க எங்க நாலு மாடியையும் ஏறி வந்தா. லிஃப்ட் கிடையாது. தலையில கூடை, அதுக்குள்ள ஐஸு, மீனு. கதவைத் திறந்ததும் மூச்சு வாங்காம மீன் வரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டா. நான் அப்பதான் வெறுங்கையோட ஏறி வந்து சோபாவுல கிடந்தேன்.

"சாருக்கு ஒடம்பு சரியில்லியா?" என்னைப் பாத்துக் கேட்டா.

"பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கார்," டோரதி சொன்னா.

இதுக்கெல்லாம் மேல நிஜ மலை ஒண்ணு வேணும்ல. சென்னையில மலைன்னா பரங்கிமலைதான். சனி, ஞாயிறு காலையில அஞ்சரை மணிக்கு நானும் ஜொவிட்டாவும் ஸ்கூட்டர்ல அடையாறு பாலம் தாண்டிப் போயிடுவோம். நூத்தி முப்பத்திச் சொச்சம் படி. படி நெடுக, இயேசு சிலுவை சுமந்து போனதைச் சொல்ற சிலுவைப் பாதையோட பதினாலு ஸ்தலங்களும் இருக்கு. தவக்காலத்துல ஜனங்க ஒவ்வொரு ஸ்தலத்துலயும் நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் மேல ஏறுவாங்க.

முதல் நாள் மூணாவது ஸ்தலத்துல எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. ஜொவிட்டா அதுக்குள்ள மேல போயிட்டா. எதிர்ல ஒரு வயசான தம்பதி இறங்கி வந்தாங்க. அவங்க முன்னாடி நாக்கைத் தள்ளிட்டு நிக்கிறதுக்கு மானம் இடம் குடுக்கல. சட்டுனு நெத்தியில சிலுவை போட்டு, தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிட்டேன். அவங்க ஒதுங்கி, சத்தம் போடாம இறங்கிப் போனாங்க. அந்த மரியாதை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அதுக்கப்புறம் பதினாலு ஸ்தலத்துலயும் நின்னேன். ஸ்தலத்துக்கு இருபது செகண்டு. வாயை லேசா அசைச்சாப் போதும், பாக்கிறவங்களுக்கு அது ஜெபம். உள்ள நான் காத்தை அள்ளி அள்ளிப் போட்டுட்டு இருப்பேன். ஒரு மாசத்துல செய்தி பங்கு முழுக்கப் பரவிடுச்சு. பங்குச் சாமியார் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். டோரதி, கல்யாணமாகி இருபது வருஷத்துல முதல் தடவையா, என்னை நல்ல கிறிஸ்தவன்னு நம்பினா. சண்டை கூடக் குறைஞ்சுது. இதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு நானும் விட்டுட்டேன்.

இதுல பெரிய முட்டாள்தனம் என்னன்னா, கொஞ்ச நாள்ல நானே நம்பிட்டேன். எட்டு கிலோ பையோட உச்சி வரைக்கும் ஏறிடறேனே, அப்ப உடம்பு தேறிடுச்சுன்னு. நின்ன நேரத்தை நான் கணக்குலயே சேர்க்கல. ஜெபத்தை யாராவது கணக்குல சேர்ப்பாங்களா?

டெஸ்ட் எங்கேன்னு சங்கத்துலேருந்து மெசேஜ் வந்தப்ப நான் சோபாவுலேருந்து குதிச்சேன். பரங்கிமலைப் படி. உச்சியில இருக்கிற மாதா கோயில்லேருந்து கிளம்பி, எட்டு கிலோ பையோட ஆறு சுத்து இறங்கி ஏறணும், முப்பது நிமிஷம். "நம்ம மலைம்மா," ஜொவிட்டாகிட்ட சொன்னேன். அவ சிரிக்கல. சரிப்பான்னு மட்டும் சொன்னா.

டெஸ்ட் எடுக்க வந்தவர் விஜயராகவன். மயிலாப்பூர்க்காரர், பேங்க்ல ரிடையர் ஆனவர். நெத்தியில மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு, கழுத்துல ஸ்டாப் வாட்ச். அறுபத்தி மூணு வயசுல என் வயசுக்காரன் மாதிரி இருந்தார். நான் அவர் வயசுக்காரன் மாதிரி இருந்தேன். ஜொவிட்டாவை முதல்ல ஓட விட்டார். இருபத்திரெண்டு நிமிஷத்துல ஆறு சுத்தையும் முடிச்சுட்டு அவ தண்ணி குடிச்சா. அடுத்தது நான்.

நிக்காம ஏறணும்னு முடிவு பண்ணித்தான் கிளம்பினேன். ஆனா கீழ போய்த் திரும்பி ஏறும்போது, முதல் ஸ்தலம் வந்ததும் கால் தானா நின்னுடுச்சு. கை தானா நெத்திக்குப் போச்சு. அஞ்சு மாசப் பழக்கம். பக்கத்துலயே ஏறி வந்த விஜயராகவன் திகைச்சுப் போயிட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஜெபம்," ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் காத்து இருந்துச்சு.

அவர் என்ன பண்ணார் தெரியுமா? ஸ்டாப் வாட்சை நிறுத்தினார். "பண்ணுங்கோ, பண்ணுங்கோ. பகவத் விஷயம், இதுல போய் நேரம் பாக்கப்படாது. எங்காத்துல திருப்பதிக்கு நடந்து போறச்சே படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வச்சுண்டே ஏறுவா. அவசரப்படுத்த முடியுமோ?" நான் கண்ணைத் திறந்ததும் வாட்சை மறுபடி ஓட விட்டார். ரெண்டாவது ஸ்தலத்துல மறுபடி நிறுத்தினார். ஆறு சுத்துலயும் அந்த மனுஷன் சளைக்கல. இறங்கும்போது நிக்கிற வழக்கம் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது, அதனால இறங்கும்போது மட்டும் வாட்ச் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இருபத்தொம்பது நிமிஷம், நாப்பது செகண்டு. பாஸ். என் கை வாட்ச்படி ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் குறைவு. அவர் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு, "இப்படி ஒரு சிரத்தையை நான் பாத்ததில்லே," என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வெக்கமே இல்லாம கும்பிட்டேன்.

ஜொவிட்டா கோயில் பக்கத்துக் கைப்பிடிச் சுவர்ல உக்காந்திருந்தா. கீழ விமான நிலையத்துல ஏதோ விமானம் நகர்ந்துட்டு இருந்துச்சு. ஃபாரத்தை அவ கையில குடுத்தேன். ரெண்டு வருஷமா கேட்ட காகிதம். வாங்கிப் படிச்சா, மடிச்சா, மறுபடி பிரிச்சா.

"அப்பா, அங்க மேல ஸ்தலம் எதுவும் இருக்காதுல்ல?"

நான் ஷூ லேஸைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சேன்.

"எனக்கு டிசம்பர்லயே தெரியும்ப்பா," அவ சொன்னா. "மேலேருந்து பாப்பேன். நீ நெஞ்சைப் பிடிச்சுட்டு நிப்ப. ஆள் வந்தா மட்டும் சிலுவை போடுவ."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா போக முடியாதே." காகிதத்தைப் பாத்துட்டே சொன்னா. "எனக்குப் போகணும்ப்பா. ரொம்பப் போகணும். அதான் சொல்லல. ஆனா நேத்து ராத்திரி அம்மா உன் பையில மாத்திரை எல்லாம் அடுக்கிட்டு இருந்தாங்க. அங்க உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அம்மாகிட்ட என்ன சொல்றது?"

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. ஏதாவது ஆயிடும்னா என்ன அர்த்தம், நான் என்ன கிழவனான்னு கேக்க வாயைத் திறந்தேன். கேக்கிறதுக்கு மூச்சு இல்ல. உக்காந்து பத்து நிமிஷம் ஆகியும் இல்ல. காகிதத்தை அவ கையிலேருந்து வாங்கிட்டு எழுந்தேன்.

விஜயராகவன் மரத்தடியில ஃபைலை மூடிட்டு இருந்தார். செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனம்னா எங்களுக்குக் கூண்டு உண்டு, ஜன்னல் உண்டு, உள்ள இருக்கிறவர் மூஞ்சி சரியாத் தெரியாது. இங்க பட்டப்பகல்ல, ஒரு ஐயங்கார் முன்னாடி நின்னேன்.

"சார், நான் ஜெபம் பண்ணல. மூச்சு வாங்கினேன்."

"எண்பத்திநாலு தடவையுமா?" அவர் கணக்கு வச்சிருந்தார்.

"ஆறாவது சுத்துல ரெண்டு தடவை நிஜமாவே கடவுளைக் கூப்பிட்டேன். மத்தது எல்லாம் மூச்சுதான்."

அவர் சிரிப்பார்னு எதிர்பார்த்தேன். சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "எனக்குச் சந்தேகம் வந்தது. கேக்கக் கூசித்து," அவர் சொன்னார். கையெழுத்து மேல ஒரு கோடு போட்டார். "அங்க ஒருத்தருக்கு முடியலேன்னா பதினெட்டு பேரும் திரும்பணும் சார். மொதல்ல ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கோ."

"பொண்ணு மட்டும்..."

"பதினெட்டு வயசு ஆகட்டும்."

அவ்வளவுதான். திரும்பி வந்து ஜொவிட்டாகிட்ட, "சொல்லிட்டேம்மா," மட்டும் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. பையை மாட்டிட்டு முன்னால இறங்க ஆரம்பிச்சா.

மேல இருக்கிற பதினாலாவது ஸ்தலத்துல நின்னா. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஓடுற வேகத்துல ஒரு நாளும் அங்க நிக்காதவ. சிலுவை பக்கம் திரும்பி, தலையைக் குனிஞ்சு, கண்ணை மூடிட்டு இருந்தா. பதிமூணாவதுலயும் நின்னா. ஏறி வந்த ஜனங்க ஒதுங்கி வழி விட்டாங்க. பன்னெண்டாவதுலதான் அவ தோள் குலுங்குறதைப் பாத்தேன். நான் மூச்சை மறைச்ச இடத்துல என் மக அழுகையை மறைச்சுட்டு இருந்தா. அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். போய்த் தோளைத் தொடத் தோணுச்சு, தைரியம் வரல. ரெண்டு படி மேலயே நின்னு, அவ நகர்ந்தப்புறம் நகர்ந்தேன். பதினாலு ஸ்தலத்துலயும் அப்படித்தான்.

கடைசி ஸ்தலத்துல துப்பட்டாவால மூஞ்சியை அழுத்தித் துடைச்சுட்டுத் திரும்பினா.

"திங்கக்கிழமை டாக்டர். அவர் சரின்னு சொன்னா சனிக்கிழமை அஞ்சரைக்கு வர்றோம். பை வேணாம். நாலாவது ஸ்தலம் வரைக்கும் நிக்காம ஏறணும்."

"இனிமே எதுக்கும்மா? பதினெட்டு ஆனா நீ தனியாவே போகலாமே. நான் தேவையே இல்லையே."

"தேவையில்லன்னா?" ஒரு மாதிரி பாத்தா. "அப்ப நீ வரமாட்டியா?"

வருவேன்னு சொல்லணும். நல்லாச் சத்தமா, அப்பன் மாதிரி சொல்லணும்னு வாயைத் திறந்தேன். சத்தமே வரல. இறங்கும்போதும் மூச்சு முட்டும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கம்பியைப் பிடிச்சுட்டு அங்கேயே நின்னேன். ஜொவிட்டா என் தோள்லேருந்து பையைக் கழட்டித் தன் இன்னொரு தோள்ல மாட்டிட்டு, பக்கத்துலயே நின்னா.