பாண் வரிசையில் ஊதிய மூச்சு

என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எழுபத்து மூன்றாம் வருடம். மாத்தளையில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. பேக்கரி முன்னால் பாணுக்கு விடியுமுன்பே வரிசை; 'போலிம' என்போம். ஓரடி விலகினால் இடம் போய்விடும். ஊர்ச் சட்டம் அது.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி மார்ஜரியோடு நடந்து வந்து கடைசியில் நின்ற சில்வெஸ்டர், பொத்தென்று விழுந்தார். மூச்சு இல்லை.

"யாராச்சும் ஏதாச்சும் செய்யுங்கய்யா!" என்று மார்ஜரி அலறினார்.

செய்ய வேண்டியது எங்களுக்குத் தெரியும். போன மாதம்தான் ஒரு முதலுதவிக்காரர் வந்து, ரப்பர் பொம்மையின் வாயில் வாய் வைத்து ஊதிக் காட்டினார். பணக்கார நாடுகளில் தெருவில் போகிறவனும் ஓடிவந்து ஊதுவானாம். கைதட்டினோம். பொம்மைக்கு ஊத முண்டியடித்தோம். தோட்டத்து ஆட்களை அந்த வகுப்புக்கு யாரும் கூப்பிடவில்லை. ஆகவே மார்ஜரிக்கு ஊதத் தெரியாது.

"புஹாரி நானா, பொம்மைக்கு நல்லா ஊதினீங்களே, போங்களேன்" என்றார் ஹவ்வா.

"அன்னைக்கு எனக்குப் பின்னால போலிம இருக்கல்லயே ராத்தா. ஏன், ஒங்களுக்கு மூச்சில்லையா?"

"வீட்டுல ஆறு புள்ள. பாண் இல்லாமப் போனா அதுகளுக்கு யாரு ஊதுவாங்க?"

நியாயம்தான். அப்போதுதான் நான் யோசனை சொன்னேன்: "நாம போக வேணாம். மனுசனை இங்க அனுப்புங்க."

சில்வெஸ்டரைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்பினோம். கைக்கு வந்ததும் ஆளுக்கொரு மூச்சு. இடம் விட்டு ஒருவரும் அசையவில்லை. வெற்றிலை மூச்சு, பீடி மூச்சு, வெறும் வயிற்று மூச்சு. புஹாரி ஊதியதில் விரல் அசைந்தது. ஹவ்வா ஊதியதில் இருமல் வந்தது. ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஊதியதில் விழுந்தவரின் மீசைகூடக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. பேக்கரி ஜன்னலடிக்குப் போனதும் சில்வெஸ்டர் எழுந்து நின்று, "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றார்.

அவ்வளவுதான், வரிசை கொதித்தது.

"கடைசில நின்டவன் முன்னுக்கு வந்துட்டான்!"

"ஊதினது நாங்க, பாண் அவனுக்கா?"

சில்வெஸ்டர் கோபப்படவில்லை. சட்டையைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே மார்ஜரியோடு கடைசிக்குப் போய் நின்றார்.

உண்மையில் என் வாயில் ஒரு பல்லும் இல்லை. சில்வெஸ்டர் விழுந்த இடத்திலேயே, ஒருவரும் ஊதாமல், இறந்துபோனார்.