பதினொரு வருடம் மூடாத பூ

பல்செட்காரர் வீட்டு மதிலில் ஒருநாள் காலை ஐந்து நாற்பதுக்கு விரிந்த மஞ்சள் பூ அதற்கப்புறம் பதினொரு வருடம் மூடவில்லை. அது காலைப்பூக் கொடி. விடியும்போது விரிந்து, வெயில் ஏற ஏறத் துவண்டு, மதியத்துக்குள் கசக்கிய கைக்குட்டை மாதிரி ஆகிவிடுவதுதான் அந்தப் பூவின் வழக்கம். ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான் ஆயுள். போதாக்குறைக்கு, இந்தக் கொடியில் ஊதா வரும், வெள்ளை வரும், சிவப்பு வரும், மஞ்சள் மட்டும் வரவே வராது என்று நர்சரிக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆகவே பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் நிறத்துக்காக வந்தார்கள், மீதிப் பேர் அது எப்போது மூடுகிறது என்று பார்க்க வந்து, காத்திருந்து கால் கடுத்துத் திரும்பிப் போனார்கள். தபால்காரர் மட்டும் எதற்கும் நிற்கவில்லை. நடைவழியில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று குனிந்து போய்க் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, வீட்டு முன்னறையில் மெழுகும் பிளாஸ்டரும் குழைத்துப் பல்செட் செய்து தருகிறவர். எங்கள் பகுதியில் வயதானவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். கொடியோடு கொடியைக் கலந்து புது நிறம் எடுப்பது அவருக்குப் பைத்தியம். நாளைக்கு விரியப்போகிற மொட்டு முந்தின சாயங்காலமே நுனியில் நிறம் காட்டிவிடும். அதைப் பிளேடால் கீறி, உள்ளேயிருக்கும் ஐந்து மகரந்தத் தாள்களையும் சின்ன இடுக்கியால் பிடுங்கிவிட்டு, காகிதப் பை மாட்டி வைக்க வேண்டும். மறுநாள் வெயில் படுவதற்குள் இன்னொரு கொடியின் மகரந்தத்தை எடுத்து உள்ளே தொட்டு வைத்து, காம்பில் அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். சாயங்கால வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலை வேலைதான் உதைத்தது. அவர் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த வருடம் அவர் நீல நூல் கட்டிய பதினான்கு காம்புகளும் பழுத்து விழுந்தன.

பின்னறையில் அவருடைய அக்கா இருந்தார். புருஷன் வீடு வேண்டாம் என்று ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மிஷினோடும் வந்தவர். யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலை; தெரு முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. தம்பி மனைவி குணத்தில் தங்கம்தான், ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த வீட்டில் தட்டு முதல் தண்ணீர்க் குடம் வரை எல்லாம் இன்னொருவருடையது, அக்கா எதையும் கேட்டுத்தான் எடுத்தார். மதிலில் மட்டும் தம்பி ஒரு கை அகலம் விட்டுக்கொடுத்திருந்தார். அந்தக் கொடி ஒன்றுதான் அக்காவுக்கென்று இருந்தது. அவர் கம்பெனியிலிருந்து மிஞ்சிய பழுப்பு நூலைக் கட்டினார். ஒருவர் நூல் கட்டிய காயை மற்றவர் தொடக்கூடாது என்பது இருவருக்கும் ஒப்பந்தம். டீ குடிப்பதற்கும் ஆறு மணி பஸ் வருவதற்கும் இடையில் கிடைத்த பன்னிரண்டு நிமிடத்தில், ஒரு கோழி இறகை வைத்து அக்கா ஒரே ஒரு பூவைக் கலந்தார். அது பிடித்துக்கொண்டது. நாலாவது வாரம் காய் உருண்டு கறுத்து நின்றது.

ஒரு வியாழக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்த நேரத்தில், பல்செட்காரர் அந்தப் பழுப்பு நூலை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, காயைக் காம்போடு கிள்ளித் தன் நீல நூலைக் கட்டி எடுத்துப் போனார். பதினான்கு விழுந்ததே என்ற ஆற்றாமைதான், வேறொன்றும் இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். இரண்டு நாள் கழித்து அக்கா, துணி உலர்த்திக்கொண்டே, என் காயைக் காணோமே என்று கேட்டார். அணில் தின்றுவிட்டது என்றார் தம்பி. அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லி அடுத்த துணியை உதறினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாள் காலை எங்கள் தெருவிலிருந்த அணில்கள் அத்தனையும் குஞ்சு குட்டிகளோடு கேபிள் கம்பி மேல் வரிசையாக நடந்து அடுத்த பகுதிக்குக் குடிபோயின. அவை திரும்பி வரவேயில்லை.

காயில் ஆறு விதைகள் இருந்தன. ஐந்து முளைக்கவில்லை. ஆறாவது முளைத்து, மதிலேறி, ஒரே ஒரு மொட்டு விட்டது. அதுதான் அந்தப் பூ. பூச்செடிச் சங்கத்தார் வந்து அளந்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது, அரங்கத்தில் கேடயம் கொடுத்தார்கள். விழாவுக்குப் போட வேண்டிய சட்டையை அக்காதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். மேடையில் பல்செட்காரர், இது சும்மா வந்துவிடவில்லை, ஊர் எழுந்திருக்கும் முன்பே எழுந்து பாடுபட்டேன் என்று பேசினார். அவர் மனைவி கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரும் உண்டு. பல்செட்காரருக்கு, மறைத்த அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிடவும் வேண்டியிருந்தது.

மூடாத பூ முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது வருடம் கொடியின் வேர் செத்தது. தண்டு காய்ந்து கயிறு ஆயிற்று. பூ மட்டும் நேற்று விரிந்தது போல, வாய் திறந்தபடி நின்றது. அதோடு, அவர் முற்றத்தில் எங்கே நின்றாலும் அவர் பக்கமே முகத்தைத் திருப்பியது. முறைக்கவில்லை, சும்மா பார்த்தது. வருகிறவர்கள் எல்லோரும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள், அவர் ஒவ்வொரு முறையும் அதே பொய்யை அதன் முகத்துக்கு எதிரிலேயே சொன்னார். கேடயத்தை அலமாரிக்குள் வைத்து, அப்புறம் அலமாரிக்குப் பின்னால் வைத்தார். ஐந்தாவது வருடத்திலிருந்து முன்வாசல் வழியாகப் போவதையே விட்டுவிட்டார். பின்வாசல் வழியே போனால் அக்காவின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் அக்கா. சொந்த வீட்டுக்குள் மனிதர் தலைகுனிந்தே நடமாடினார். தரையைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து வலி வந்ததை எல்லோரும் தொழில் வலி என்று நினைத்தோம்.

பதினோராவது வருடம் அக்கா நகரத்தின் இன்னொரு கோடியில், கம்பெனிக்குப் பக்கத்தில், தனியாக ஓர் அறை பார்த்தார். மனஸ்தாபம் ஒன்றும் இல்லை, பஸ்ஸில் நின்று போக இடுப்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். சாமான் ஏற்ற வண்டி வாசலில் நின்றது. இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்ல ஒரு பின்வாசல்கூட இருக்காது என்று பல்செட்காரருக்குப் புரிந்தது. அக்கா தையல் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் காய் உன்னோடது."

அக்கா முடிச்சை இறுக்கினார். "தெரியும்டா."

"எப்போலருந்து?"

"அன்னிக்கே. காய்ச்சல்னு லீவு போட்டுட்டு உள்ள படுத்திருந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு காயைக் காணோம்னு கேட்ட?"

"நீயே சொல்லிடுவேன்னுதான் கேட்டேன்."

சரி, அதற்கப்புறமாவது நாலு பேர் எதிரில் கேட்டிருக்கலாமே, மேடையிலேயே கேட்டிருக்கலாமே என்றார் பல்செட்காரர். அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிடா கேக்கிறது? எனக்கு வெக்கமா இருந்துச்சு. என் தம்பி இப்படின்னு வெளியில தெரிஞ்சா கேவலம் எனக்குந்தானே. இத்தனை வருஷமா நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு இந்த வழியாப் போவ. நானும் உள்ள உக்காந்து குனிஞ்சுக்குவேன்."

தம்பி அழுதார். வண்டிக்காரர் பார்க்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. தன்னுடைய அவமானம் தன் ஒருவனுடையது என்றே அத்தனை வருடம் நினைத்திருந்தார். அதில் பாதியை இன்னொருத்தர் பின்னறையில் வைத்துச் சுமந்திருக்கிறார் என்பது அவரைக் கொன்றுவிட்டது. மறுநாளே கேடயத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய், பெயரை மாற்றி எழுதுங்கள் என்றார். செயலாளர், குடும்பத்துக்குள்ளேதானே, விடுங்கள் சார் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாங்கள் ஓஹோ என்றோம். திட்டுவதற்குக்கூட யாரும் முன்வராதது அவருக்குப் பெரிய ஏமாற்றம். பூவும் மூடவில்லை, அவரைப் பார்த்தபடியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ந்த தண்டோடு பூவை அறுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனார். நடத்துநர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. அக்கா ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றாமலே அதை ஜன்னலில் வைத்தார். தம்பி படியிறங்கித் தெருமுனை திரும்பியதும் பூ மெல்லச் சுருண்டு மூடிக்கொண்டது. மறுநாள் காலை விரிந்தது, மதியம் மூடியது, அதற்கு மறுநாளும் அப்படியே. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூ என்றால் மூடத்தானே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கணக்கு வேறு. தம்பி வந்து உட்கார்ந்திருக்கும்வரை பூ மூடாது. மதியம் தாண்டும், மூன்று மணி ஆகும், அது விரிந்த வாயோடு அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு எதிரிலேயே அவர் சாப்பிடுகிறார், அக்காவின் மிஷினுக்கு எண்ணெய் போடுகிறார், யாராவது வந்து கேட்டால் அக்கா செய்த பூ என்கிறார். கிளம்பட்டுமா என்று ஒவ்வொரு வாரமும் அவர்தான் கேட்பார். அக்கா ஒருநாளும் கிளம்பு என்று சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் இரேன், என்ன அவசரம் என்பார். ஐந்து மணி வாக்கில் அவர் போன பிறகு பூ மூடிக்கொள்ளும். அக்காவும் பாயை விரித்துக் கொஞ்ச நேரம் படுப்பார்.