கேசரி நிறத்தில் இரண்டு குஞ்சுகள்

தாய்ப்பாசத்தால் இந்த உலகத்தில் இதுவரை ஓர் உயிர்கூடப் பிழைத்ததில்லை. பிழைத்ததெல்லாம் கணக்குப்படிதான் பிழைத்தது. இந்தப் பேருண்மையை 1996 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாயா ரும்புட் தாமான் குடியிருப்பின் கடைசி வீட்டுக் கொல்லையில், கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த தேவன் அறிவித்தான். கேட்டவர்கள் அவன் அம்மா மலர்க்கொடியும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுத் தம்புசாமியும். கோழியும் இருந்தது. அது மட்டும்தான் தலையை ஆட்டியது.

"மீனு, ஆமையெல்லாம் ஆயிரக்கணக்குல முட்ட போட்டுட்டுப் போயிடும். பொறந்த வாரமே முக்காவாசி காலி. யானையும் மனுசனும் ஒன்னு ரெண்டு பெத்துப் பொத்திப் பொத்தி வளப்பாங்க. அதெல்லாம் கெழடானப்புறம்தான் சாவும். கோழி நடுவுல. ஏணிப்படி மாதிரி, எந்த வயசுலயும் ஒரே கணக்கா கொறையும். வாரத்துக்கு ரெண்டு."

"பாத்து வச்ச மாதிரியே சொல்றான்லா," என்றார் தம்புசாமி.

பார்க்கத்தான் போகிறான். கல்லூரிக்கான ஆய்வு அது: குஞ்சுகள் பதினொன்று, எத்தனை மிச்சம் என்று முப்பது நாள் தினமும் எண்ணி வளைகோடு வரைய வேண்டும், யாரும் தலையிடக் கூடாது. போன தவணை அவன் கொடுத்த அறிக்கையை உயிரியல் ஆசிரியை ஜெயமணி மிஸ், 'நீ எதையுமே எண்ணவில்லை' என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார். உண்மைதான். இந்த முறையும் தவறினால் முதலாம் ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். இதை அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

மலர்க்கொடி கையில் கேசரிப் பவுடர் டப்பாவோடு நின்றாள்.

"அப்ப குஞ்சுங்களுக்குக் கலர் முக்க வேணாமா? எஸ்டேட்டுல இருந்தப்ப எல்லாரும் முக்குவோம்டா. பருந்து கிட்ட வராது."

"ஏம்மா, பருந்து கேசரி சாப்புடாதா? வெரதமா?"

"அதுக்கு அது குஞ்சுன்னே தெரியாதுடா," என்றார் தம்புசாமி.

"மாமா, பருந்துக்கு உங்களவிட கண்ணு நல்லா தெரியும்."

"கூடையாச்சும் போட்டு மூடவா?" என்றாள் மலர்க்கொடி.

"நீ கையே வைக்காதம்மா. டேட்டா கெட்டுப் போயிடும்."

டப்பா அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

இரண்டாம் நாள் உடும்பு வந்து மூன்றைக் கொண்டுபோனது. நான்காம் நாள் மழை. சாக்கடையில் இரண்டு மிதந்தன. ஐந்தாம் நாள் பருந்து ஒன்றைத் தூக்கியது. ருசி கண்டுவிட்டதோ என்னவோ, ஆறாம் நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏணிப்படியாக இறங்கும் என்று தேவன் சொன்ன கோடு, கயிறு அறுந்த வாளி மாதிரி இறங்கியது.

தேவனால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொல்லைக்குப் போனான். தேநீருக்கு வைத்த தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகியது. அவன் தலையிடவில்லை, சும்மாதான் நின்றான். கையில் துடைப்பம் இருந்தது தற்செயல்.

தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்பது ஒன்றுதான்.

"இன்னிக்கு எத்தன?"

ஏழாம் நாள் மாலை, "இன்னிக்கும் ஒன்னு போச்சு. ரெண்டுதான் மிச்சம்," என்றான்.

அவள் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாள். தேற்றலாமென்று தேவன் பின்னாலேயே போனான்.

"கோழிக்கு இதெல்லாம் பெரிசில்லம்மா. திரும்ப அடைக்கு ஒக்காந்துரும். உன்ன மாதிரி ஒன்னே ஒன்னு பெத்துட்டு, டெய்லி ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி சாப்டியா சாப்டியான்னு கேக்கறது யானையோட முறை."

"ஒன்னா? மூணுடா."

அவனுக்குத் தெரியும். முன்னால் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். எண்ணிக்கையில் சேர்த்ததில்லை.

"ரெண்டும் மூணு மாசம் தாண்டல. அதான் நீ பொறந்ததும் மூக்கு குத்தி விட்டேன். எமன் வந்தா பொட்டப் புள்ளன்னு நெனச்சுட்டுப் போவட்டும்னு."

அவன் இடது மூக்கில் கடுகளவு ஒரு குழி உண்டு. கல்லூரியில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மைத் தழும்பு என்று சொல்லி வைத்திருந்தான். எமனுக்குக் கண் தெரியாதா என்று ஒரு கேலி நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை.

"அதனாலதான் நான் பொழச்சேனா?"

"யாருக்குடா தெரியும்? சும்மா ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்க முடியல. குத்துனேன்." டப்பாவை உதறிவிட்டு உள்ளே போனாள்.

எட்டாம் நாள் காலை, ஞாயிறென்றாலும் ஓவர்டைம் என்று அம்மா ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குத் தென்னைக்கு மேலே பருந்து வட்டம் போட ஆரம்பித்தது. தாய்க்கோழி இறகை விரித்துக்கொண்டு கொல்லை முழுக்கக் கத்தியபடி ஓடியது. தேவன் கூண்டின் மேல் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தான். 'தலையீடு' என்ற கட்டத்தில் ஏழு நாளும் வரிசையாக 'இல்லை' என்று இருந்தது. எட்டாவதில் 'உண்டு' என்று எழுதினான். அந்த ஒரு சொல்லுக்கு மிஸ் என்ன எழுதுவார் என்பதும் அவனுக்குத் தெரியும். குறிப்பேட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனான்.

வேலிக்கு மேலே தம்புசாமியின் தலை தெரிந்தது.

"டேய் தேவா, பேசின்ல என்னாடா?"

"குளிப்பாட்டுறேன் மாமா. ரொம்ப அழுக்கு."

"சுடுதண்ணி கலந்தியா? பச்சத் தண்ணின்னா வெறச்சுப் போயிடும்."

"கலந்துட்டேன்."

முதல் குஞ்சு கேசரி நிறத்தில் சிலிர்த்துக்கொண்டு அம்மாவின் பழைய துண்டுக்குள் கத்தியது. தேவனின் பத்து விரலும் அதே நிறம். தாய்க்கோழி அவன் முழங்கையை இரண்டு தரம் கொத்தியது. கையை இழுத்துக்கொள்ளாமல், அவன் இரண்டாவதைத் தண்ணீரில் இறக்கினான். மூக்கில் ஏறிவிடாதபடி அலகை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.