நிதியமைச்சருக்கு ஒரு வெள்ளை உருண்டை

எவாசியோ பெர்த்தோலா நிதியமைச்சரான நாளிலிருந்து எனக்குச் சாப்பிட்டது செரிப்பதில்லை. ட்யூரினில் ஒரே அறையில் தங்கி, ஒரே விளக்கில் சட்டம் படித்தவர்கள் நாங்கள். பரீட்சைகளில் முந்தியவன் நான். அமைச்சர் நாற்காலி மட்டும் அவனுக்கு. எனக்கு அதே கட்சியில் பின்வரிசை பெஞ்சு.

கோதுமை அரைக்கவே வரி போட்டான், படுபாவி. ஊர் ஊராக அவன் கொடும்பாவியை எரித்தார்கள். அதைக் கண்டும் எனக்குப் பொறாமைதான். என்னைத் திட்டுவதற்குக்கூட இந்த இத்தாலியில் ஆளில்லை.

வீட்டில் என் மனைவி எர்சிலியா வேறு.

"பெர்த்தோலா பொண்டாட்டி இப்பல்லாம் ஓபராவுல மேல்மாடத்துல உக்காருறா. நாம இன்னும் தூணுக்குப் பின்னாடி."

"அவனை விட எனக்கு என்னடி குறைச்சல்?"

"துப்பு இல்ல, அதான் குறைச்சல்."

அந்த வரியை இன்னும் ஏற்றும் மசோதா சபைக்கு வந்தது. தோற்றால் எவாசியோ மூட்டை கட்ட வேண்டியதுதான். பிரதமருக்கும் அவன் மேல் சலிப்பு வந்துவிட்டது. "எதுக்கும் தயாரா இருங்க, கவுடென்சியோ" என்று என் காதில் போட்டு வைத்திருந்தார். அந்த நாற்காலியை நினைத்து எனக்குத் தூக்கமே போயிற்று. சபையில் எழுந்து மசோதாவை வாய் வலிக்கப் புகழ்ந்தேன். கடைசியில் போடுகிற ஓட்டு ரகசியம்தானே!

எங்கள் சபையின் வழக்கம் இது. படியேறும்போது ஆளுக்கு ஒரு வெள்ளை உருண்டையும் ஒரு கறுப்பு உருண்டையும் தருவார்கள். மேடையில் இரண்டு ஜாடிகள். முதல் ஜாடியில் போடுவதுதான் ஓட்டு: வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. மிஞ்சிய உருண்டையை அடுத்த ஜாடியில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். கையை மூடியபடி போடுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

எப்போதும் வலப்பக்கப் படியில்தான் ஏறுவேன். அன்று அந்தப் படிக்குக் கீழே எவாசியோ நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சுற்றிப்போய் இடப்பக்கமாக ஏறினேன். முதலில் வந்த ஜாடியில் கறுப்பை ஆசை தீரப் போட்டேன். அடுத்ததில் வெள்ளை. இறங்கித் திரும்பிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இந்தப் பக்கமாக வருகிறவனுக்கு ஜாடிகளின் வரிசையும் மாறிவிடும் அல்லவா? கறுப்பு போனது மிச்ச ஜாடிக்கு. என் ஓட்டு வெள்ளை.

எண்ணி முடித்தார்கள். மசோதா ஒரே ஓட்டில் வென்றது.

எவாசியோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"ஒரே ஓட்டுலடா தப்பிச்சேன்! நீ கறுப்பு போடப் போறன்னு நேத்து ஒருத்தன் கோள் மூட்டுனான். அவன் செவுட்டுல ஒண்ணு விட்டிருப்பேன். நீயே சொல்லுடா, எதைப் போட்ட?"

பக்கத்தில் பிரதமர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைதான்டா" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? என் நாற்காலியே இவன் போட்ட பிச்சை!" என்று பிரதமரிடம் கத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

இத்தனை வருஷமாக அவனிடம் கூசாமல் பொய் சொல்லிவந்தவன் நான். அன்று சொன்னது சத்தியமான உண்மை. வயிறு பற்றி எரிந்தது.