பகல் டியூட்டி

எங்கள் வீட்டுக்கு ஒரே சாவிதான். இன்னொன்று செய்யவேண்டிய அவசியம் வந்ததில்லை. காலையில் நான் குளிர்க்கிடங்கில் ராத்திரி வேலை முடிந்து வரும்போது என் மனைவி தையல் பட்டறைக்குக் கிளம்பி வாசலில் நிற்பாள். சாவி கை மாறும். மாலையில் அவள் திரும்பும்போது நான் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பேன். சாவி மறுபடி கை மாறும். "கேஸ் தீர்ந்துபோச்சு." "மோட்டார் ஓடல." "உங்க அக்கா போன் பண்ணாங்க." இதற்குப் பெயர் பேச்சு என்றால் ரயில் நிலைய அறிவிப்புக்கும் அதே பெயர்தான். வார விடுமுறையில் நான் தூங்குவேன். அவள் துணி துவைப்பாள்.

தீவுக்குப் போகும் யோசனை அவளுடையது. பதிவு செய்துவிட்டுத்தான் சொன்னாள், அதையும் வாசலில் வைத்துத்தான்.

"லீவு போடுங்க. தீவுக்குப் போறோம்."

"எந்தத் தீவு?"

"சுத்தித் தண்ணி இருக்கும். லீவு போடுங்க."

போட்டேன். விமானம், பேருந்து, அப்புறம் ஒரு படகு. கடலைப் பார்த்த அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் திரைச்சீலையை இழுத்து மூடியது. வேண்டுமென்று செய்யவில்லை. பகலில் ஒரு கட்டிலைப் பார்த்தால் என் கை தானாக ஜன்னலுக்குப் போகும்.

அவள் பையைக் கீழே வைத்தாள். வந்து திரையை ஒதுக்கினாள்.

"இன்னொரு தடவை மூடினீங்கன்னா அடுத்த படகுல நான் திரும்பிடுவேன்."

"பழக்கதோஷம்."

"தெரியும். உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்."

அவளுடைய அண்ணன் வேறு ஊரில் புதிதாக ஒரு தையல் கூடம் தொடங்குகிறார். துணி வெட்டும் பிரிவை முழுக்க இவளிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். விடுமுறை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

"நான் போனா உங்களுக்கு என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பார்த்தேன். சாவி கை மாறாம உங்க பையிலேயே கிடக்கும், அவ்வளவுதான். அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். நாளையிலேருந்து நாலு நாள் பகல்ல என்கூட இருங்க. நமக்குள்ள பேச ஏதாவது மிச்சம் இருக்கான்னு பார்ப்போம். இருந்தா இருப்போம். இல்லேன்னா நான் கிளம்பறேன். சண்டை வேண்டாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. துணியை அளந்து கோடு போடுகிற மாதிரி சொன்னாள். கோடு போட்ட பிறகு அவள் கத்திரி தயங்கி நான் பார்த்ததில்லை. பகலில் கண் மூடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

விழித்திருப்பது என் தொழில். மீன் பெட்டிகள் அடுக்கிய உறைகூடத்தில் எவனாவது ஓரமாக உட்கார்ந்து கண் அசந்தால், காலையில் அவனையும் பெட்டியோடு சேர்த்துத்தான் இறக்க வேண்டும். அதனால் அங்கே சேர்ந்த முதல் வாரமே தூங்காமல் இருக்கும் வித்தைகளைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். உட்காரக் கூடாது. எதிலும் சாயக் கூடாது. வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்; மூத்திரம் முட்டினால் தூக்கம் கிட்டே வராது. காலணிக்குள் ஒரு சோடா மூடியைப் போட்டுக்கொள்ள வேண்டும், பல் பக்கம் மேலே பார்த்தபடி.

மறுநாள் காலை நான் காலணி மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

அவள் சாய்வு நாற்காலியில் கால் நீட்டினாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் அதன் பின்னால் கைகட்டி நின்றேன்.

"உக்காருங்களேன்."

"பரவாயில்ல."

"வெயில் அடிக்குது."

"அதுவும் நல்லதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான தம்பதி வந்து என்னிடம் துண்டு கேட்டார்கள். விடுதிக் காவலாள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் போய் இரண்டு துண்டு வாங்கிவந்து கொடுத்தேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது சுலபம். நடக்கவும் ஒரு சாக்கு. திரும்பி வந்தபோது என் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிப்ஸ் கொடுத்தாங்களா?"

"இல்ல."

"கேட்டு வாங்க வேண்டியதுதானே. நல்லா வேலை செய்யறீங்க."

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று பேருக்குத் துண்டு கொடுத்தேன். ஒருத்தருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிடமும் கண் மூடவில்லை. அவளோடு பத்து வார்த்தைகூடப் பேசவும் இல்லை. இருந்த தெம்பெல்லாம் இமையைத் தூக்கிப் பிடிப்பதிலேயே செலவாகிவிட்டது. இரவில் படுத்தால் உடம்பு ஷிப்ட்டுக்கு எழுந்துகொண்டது. கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

அடுத்த நாளும் அதே கதை. அவள் விடுதியின் நீச்சல் பயிற்சியாளரிடம் போய், காலில் வாத்துப் பாதம் மாதிரி ரப்பர் துடுப்பு மாட்டி உதைக்கக் கற்றுக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீரில் தவளை மாதிரி போனாள், வந்தாள், மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள், மறுபடி போனாள். நான் கரையில் காலணியோடு நின்றேன்.

"எப்படி?" என்று தண்ணீரிலிருந்து கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"எது?"

எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. அவள் திரும்பி மறுபடி உதைத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் படகில் ஒரு மணல்திட்டுக்குப் போனோம். பவளப்பாறைக்கு உள்பக்கம், கடல் நடுவே, ஒரு தெருவளவு வெள்ளை மணல். எங்களையும் படகுக்காரரையும் தவிர வேறு யாருமில்லை. அவர் இளவயதுக்காரர், வாய் ஓயாதவர். இரண்டு பேருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்.

"அண்ணே, ஷூவைக் கழட்டுங்க. மீன் சிரிக்கும்."

கழற்றினேன். சோடா மூடி மணலில் விழுந்தது. என் மனைவி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என் குதிகாலைப் பார்த்தாள். மூடியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க. மல்லாக்கப் படுத்தா தண்ணியே தாங்கும்."

"படுத்தா தூங்கிடுவேன்."

"கடல்ல யாராவது தூங்குவாங்களா? வாங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

படுத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காதுவரை கடல், மேலே வானம். அவள் பக்கத்தில் மிதந்துகொண்டு உண்மையிலேயே பேசினாள். அண்ணனின் கூடத்தில் வெட்டு மேஜை எவ்வளவு நீளம், ஒரு முனையில் துணியை விரித்தால் மறுமுனைக்கு நடந்து போக வேண்டும், மேஜைக்கு மேலே ஜன்னல், அந்த ஜன்னலில்...

ஜன்னலில் என்ன என்று எனக்குத் தெரியாது.

கழுத்துப் பட்டையை யாரோ பிடித்து இழுத்ததில் விழித்தேன். வாயில் உப்புத் தண்ணீர். மணல்திட்டு எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. எனக்குப் பின்னால், மிக அருகில், அலை பாறையில் உடையும் சத்தம். கடல் வற்றும் நேரத்தில் உள்ளிருக்கும் நீர் பாறை இடைவெளி வழியே வெளிக்கடலுக்குப் போகும், என்னையும் அதோடு எடுத்துப் போயிருக்கிறது. என் மனைவி ஒரு கையால் என் பட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டிருந்தாள்.

"காலை ஆட்டுங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "பொணம் மாதிரி கிடக்காதீங்க. ஆட்டுங்க."

ஆட்டினேன். பாதி தூரத்தில் படகு வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. படகுக்காரர் நங்கூரக் கயிற்றுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாராம். இவள் கண்ணாடி முகமூடி மாட்டித் தண்ணீருக்கடியில் மீன் பார்க்கக் குனிந்திருக்கிறாள். நிமிர்ந்தால் நான் இல்லை.

மணலில் உட்கார்ந்தோம். அவள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கல. கண்ணை மூடினேன், அவ்வளவுதான்," என்றேன்.

"குறட்டை விட்டீங்க."

"கடல்ல அது எப்படிக் கேட்கும்?"

"எனக்கும் கேட்டுச்சு அண்ணே," என்றார் படகுக்காரர். அவள் பார்த்த பார்வையில் எழுந்து படகுப் பக்கம் போய்விட்டார்.

"நான் பேசிக்கிட்டு இருந்தேன்," என்றாள். "எத்தனை வருஷம் கழிச்சு உக்காந்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்றேன். நடுவுல தூங்கிட்டீங்க. அதுகூடப் பரவாயில்ல. நேத்தும் முந்தாநேத்தும் முழிச்சிருந்தீங்களே, அது இதைவிட மோசம். டியூட்டி பார்த்தீங்க. என்கூட இருக்கறதும் உங்களுக்கு ஒரு ஷிப்ட்டு."

அவள் சொன்னது சரி. அந்த வித்தைகள் எல்லாம் பெட்டிகளுக்கு முன்னால் விழித்திருக்கக் கண்டுபிடித்தவை. பெட்டி எதையும் சொல்லாது, திருப்பியும் கேட்காது.

"அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு. நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"ராத்திரி தூங்க."

"அங்க உங்களுக்கு வேலை இல்ல. அண்ணன் தங்கச்சிக்குத்தான் வேலை கொடுத்திருக்காரு, தங்கச்சி வீட்டுக்காரருக்கு இல்ல."

"தேடிக்கறேன். பகல்ல தேடறேன். முதல்ல கொஞ்ச நாள் தடுமாறுவேன், மத்தியானம் எங்கயாவது விழுவேன். அப்புறம் சரியாயிடும்."

"இப்படி வாயால சொல்லாதீங்க. வாயால நானும் ராணிதான்."

படகுத்துறையில்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. அவள் எதிரிலேயே சூப்பர்வைசருக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நீயா?" என்றார் அவர். "பட்டப்பகல்ல முழிச்சிருக்கே. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். வேலைய விடறேன்."

"தூக்கக் கலக்கத்துல பேசாத. தூங்கி எந்திரிச்சுக் கூப்பிடு."

"தூங்கிட்டுத்தான் சார் பேசறேன். கடல்ல."

"என்னது?"

"திரும்பி வந்ததும் எழுதிக் கொடுத்துடறேன். அதுலேருந்து ஒரு மாசம் வர்றேன், அதுக்கு மேல இல்ல. என் ஷிப்ட்டுக்கு ஆள் பார்த்துக்குங்க."

"லீவு கொடுத்ததே தப்பு," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கவில்லை, சிரிக்கவுமில்லை. "சரி, ஒரு நாள் இருக்கு," என்றாள். "இப்பவே போய்ப் படுங்க. நாளைக்குக் காலையில திரும்பவும் அந்த மணல்திட்டுக்குப் போறோம்."

"திரும்பவுமா?"

"பாதிதான் பார்த்தேன். உங்க பின்னாடி வந்ததுல மீதி போச்சு."

மாலை வெளிச்சம் இருக்கும்போதே படுத்தேன். திரையை மூடவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. தூக்கம் துண்டுதுண்டாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. காலையில் அவள் எழுப்பியபோது தலை கனத்தது. எழுந்தேன்.

படகில் ஏறியதும் அவள் படகுக்காரரிடம் ஒரு கயிறு கேட்டாள். அவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

"எதுக்கு அக்கா?"

"இவரைக் கட்ட."

"ரெண்டு பேர்ல யாரு நங்கூரம்?"

"அவர்தான். விட்டா நேரா அடியில போயிடுவார்."

மணல்திட்டில் அவள் கயிற்றின் ஒரு முனையை என் மிதவைச் சட்டையின் முதுகு வளையத்தில் கட்டினாள். மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்தாள். இழுத்துச் சரிபார்த்தாள். தையல்காரி முடிச்சு. அவிழ வாய்ப்பில்லை.

தண்ணீரில் இறங்கினோம். படுத்தேன். வானம் நேற்று மாதிரியே இருந்தது.

"தூக்கம் வந்தா சொல்லுங்க," என்றாள்.

"வந்துடுச்சு."

"அப்ப நீங்க பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. நீங்க பேசினா உங்களுக்குத் தூக்கம் வராது. வந்தா எனக்குத்தான் வரும்."

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உறைகூடத்தின் கதவை உள்ளிருந்து எப்படித் திறக்க வேண்டும் என்று தொடங்கினேன். முதல் நாள் அது திறக்காமல் நான் உதைத்தது, வெளியே நின்றவர்கள் சிரித்தது, அதை வீட்டில் வந்து சொல்ல நினைத்தபோது அவள் சாவியை நீட்டிக்கொண்டு நின்றது. அவள் கண்ணாடி முகமூடியை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு, கீழே மீனைப் பார்க்காமல், மெதுவாக உதைத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் பின்னால் போனேன்.

பேச்சை நிறுத்தும்போதெல்லாம் கயிறு ஒரு முறை வெட்டி இழுத்தது.